அப்பவே சார் படகேறினார்

நடக்கப்போவதை எல்லாம் முன்கூட்டியே அறிந்த ஓர் இனம் நம்மிடையே நடமாடுகிறது, வாசகரே. வானிலை அறிவிப்பாளர்களைச் சொல்லவில்லை. அவர்கள் பாவம், மழை வருவதற்கு முன்பே வாயைத் திறந்துவிட்டு அப்புறம் வெயிலில் நின்று திட்டு வாங்குகிறவர்கள். இந்த இனம் அந்தத் தப்பைச் செய்யவே செய்யாது. பால் காயும்போது அடுப்புக்குப் பக்கத்திலேயே நிற்கும்; கையில் கரண்டிகூட இருக்கும்; பால் மெதுவாக எழும்பும், விளிம்பைத் தொடும், ஒரு கணம் தயங்கும், பிறகு குபுகுபுவென்று வழிந்து அடுப்பை அணைத்து மேடையெல்லாம் ஓடித் தரையில் சொட்டும். கடைசிச் சொட்டு விழுகிற வரைக்கும் பொறுமையாகக் காத்திருந்துவிட்டு, அப்போதுதான் இந்த இனம் வாயைத் திறக்கும்.

"நான் அப்பவே நெனச்சேன்."

அப்பவே நினைத்தவர்கள் என்று இவர்களுக்குப் பெயர். இவர்கள் இல்லாத அலுவலகம் கிடையாது; இவர்கள் வராத கல்யாணமும் கிடையாது, அந்தக் கல்யாணம் முறிந்துபோனால் முதலில் ஃபோன் செய்கிறவர்களும் இவர்கள்தான். கார் நடுரோட்டில் நின்றால், கிளம்பும்போதே எஞ்சின் சத்தம் இவர்களுக்குச் சரியாகப் படவில்லை. புது மேனேஜர் நாலே மாதத்தில் ஓடிப்போனால், அவர் முதல் நாள் கை குலுக்கிய விதத்திலேயே இவர்கள் அதைக் கண்டுகொண்டார்கள். சரி, அப்பவே நினைத்தால் அப்பவே சொல்லித் தொலைக்கக் கூடாதா என்று கேட்கிறீர்களா? கேட்டுப் பாருங்கள். "சொன்னா யார் கேக்கறாங்க?" என்று ஒரு பெருமூச்சு வரும். அந்தப் பெருமூச்சுக்கு மேல் எந்தக் கேள்வியும் எடுபடாது.

நம்முடைய ஆள் இந்த இனத்தில் உயர்ந்த ரகம். அலுவலகத்தில் அவருக்கு அப்பவே சார் என்றே பெயர். காப்பீட்டு நிறுவனத்தில் சேத ஆய்வாளர். எங்காவது தீப்பிடித்தால், கூரை இடிந்தால், குழாய் வெடித்துக் கிடங்கில் வெள்ளம் புகுந்தால், எல்லாம் அடங்கிய பிறகு அளவு நாடாவும் கேமராவுமாக இவர் போய் இறங்குவார். சாம்பலுக்கு நடுவே பேன்ட்டை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்று, மேலே தொங்கும் கருகிய வயரை அண்ணாந்து பார்ப்பார்.

"இந்த வயரைப் பாத்தாலே தெரியுமே."

முகமெல்லாம் கரியாக நிற்கும் கிடங்குக்காரர், "இப்பத் தெரியுது சார்" என்பார். அதற்கு அவரால் வேறென்ன சொல்ல முடியும்? அப்பவே சார் திருப்தியாகத் தலையை ஆட்டிக்கொண்டு படம் எடுப்பார். எரியாத, இடியாத, நனையாத கட்டடம் ஒன்றை அவர் உத்தியோக முறையில் பார்த்ததே இல்லை. இருபது வருஷமாக இப்படியே இருந்தால் எந்த மனுஷனுக்கும் தன்னால் எல்லாவற்றையும் முன்கூட்டியே பார்க்க முடிகிறது என்ற எண்ணம் வரத்தான் செய்யும்.

அவர் மனைவி பள்ளிக்கூடத்தில் ரசாயன ஆசிரியை. கல்யாணமான புதிதில் இந்தப் பழக்கத்துக்காக அவரோடு நிறையச் சண்டை போட்டார். பிறகு ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார். வீட்டில் ஏதாவது விழுந்து உடைந்தால், கணவர் மூச்சை உள்ளே இழுப்பதற்குள்ளேயே, "நீங்க அப்பவே நெனச்சீங்க. சரி. தொடப்பத்தை எடுத்துட்டு வாங்க" என்று முடித்துவிடுவார். வீட்டுக்குள் இது சரியாக ஓடிக்கொண்டிருந்தது. சிக்கல் வெளியில் வந்தது. அதுவும் மனைவியின் தம்பியிடம்.

இந்த மைத்துனன் லிஃப்ட் மெக்கானிக். நல்ல வேலை, நல்ல கைராசி. ஆனால் சின்ன வயதிலிருந்தே அவனுக்கு வண்ண மீன் பைத்தியம். ஒருநாள் வேலையை விட்டுவிட்டு வண்ண மீன் கடை வைத்துவிட்டான். திறப்பு விழாவுக்கு அப்பவே சார் போனார், தொட்டி தொட்டியாகப் பார்த்தார், டீ குடித்தார், தோளைத் தட்டிக்கொடுத்தார், வீட்டுக்கு வந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. வருஷம் திரும்புவதற்குள் கடை படுத்துவிட்டது. காலி செய்கிற அன்று உதவிக்குப் போனவர், ஒரு கண்ணாடித் தொட்டியின் ஒரு முனையை அவர் பிடிக்க, மறுமுனையை மைத்துனன் பிடிக்க, இரண்டு பேரும் பாதிப் படியில் இருக்கும்போது சொன்னார். எதைச் சொன்னார் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

மைத்துனன் கத்தவில்லை. தொட்டியை மெதுவாகப் படியில் வைத்தான்.

"இது கனமா இருக்கு மாமா. நீங்க போங்க, நான் பாத்துக்கறேன்."

அவ்வளவுதான். அன்றிலிருந்து அவன் அக்கா வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. பழையபடி லிஃப்ட் வேலைக்கே போய்ச் சேர்ந்துகொண்டான். அக்காவோடு ஃபோனில் பேசுவான், மாமா வேலைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து. அப்பவே சாருக்கு இது புரியவே இல்லை. உள்ளதைத்தானே சொன்னோம், இதில் கோபிக்க என்ன இருக்கிறது? ஆனாலும் சாப்பாட்டு மேசையில் அவன் வழக்கமாக உட்காரும் நாற்காலியில் இப்போது இஸ்திரி போட வேண்டிய துணி குவிந்து கிடப்பதைப் பார்க்கும்போதெல்லாம் அவர் பாதிச் சாப்பாட்டிலேயே எழுந்துவிடுவார்.

அப்படியிருக்கையில் ஒருநாள் மனைவி சமையலறையிலிருந்தே சொன்னார்.

"தம்பி படகு வாங்கியிருக்கானாம். கயாக். ரெண்டு பேர் போறது. ஞாயித்துக்கிழமை ஓடைக்குப் போலாம்னு கூப்பிடறான்."

"போய்ட்டு வா. உனக்கும் பொழுது போகும்."

"என்னை இல்லை. உங்களை."

அப்பவே சார் பேப்பரைக் கீழே வைத்தார். "என்னையா?"

"உங்களைத்தான். போய்ட்டு வாங்க. ஒண்ணே ஒண்ணு. அந்த வார்த்தை மட்டும் வேண்டாம்."

"எந்த வார்த்தை?"

மனைவி சமையலறையிலிருந்து வெளியே வந்து அவரை ஒரு பார்வை பார்த்தார். பரீட்சை அறையில் மாணவர்களைப் பார்க்கும் பார்வை.

"சரி, சரி" என்றார் அவர்.

ஓடை ரொம்பச் சின்னது. பெயின்ட் கம்பெனியின் பின்சுவரை ஒட்டி, ரோட்டுப் பாலத்துக்கு அடியில் புகுந்து, வீடுகளின் முதுகுப்பக்கமாக வளைந்து வளைந்து போகும். இரண்டு கரையிலும் ஆள் உயரத்துக்கு நாணல். இடுப்பளவுத் தண்ணீர், சில இடங்களில் முழங்காலளவு. வீட்டின் முன்பக்கத்தை ஊருக்குக் காட்டுகிறவர்கள் ஓடைக்குக் காட்டுவது பின்பக்கத்தை அல்லவா? காயப்போட்ட பனியன், ஓட்டை பக்கெட், சக்கரம் கழன்ற குழந்தை சைக்கிள், பல் துலக்கிக்கொண்டே தண்ணீரை வெறித்துப் பார்க்கும் மனிதர்கள் என்று எல்லாம் வரிசையாகத் தெரிந்தன.

மைத்துனன் பாலத்தடியில் காத்திருந்தான். மஞ்சள் நிறப் படகு. பழசு, பக்கவாட்டில் ஓர் ஒட்டுப்போட்ட இடம். அப்பவே சார் அந்த ஒட்டை உற்றுப் பார்த்தார். வாய் லேசாகத் திறந்தது. மனைவியின் பார்வை ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டார்.

"வாங்க மாமா" என்றான் மைத்துனன். ரொம்ப நாள் கழித்துக் கேட்ட மாமா. அவருக்கு லைஃப் ஜாக்கெட்டை மாட்டிவிட்டு வாரை இழுத்துக் கட்டினான். அது கழுத்தை நெருக்கி மோவாயை மேலே தள்ளியதில், அப்பவே சார் எதையும் கீழே பார்க்க முடியாதவராக, ஏதோ மேடையில் மாலைக்குக் காத்திருப்பவர் போல ஆகிவிட்டார்.

"மாமா, கேட்டுக்கோங்க. முன் சீட்ல நீங்க. பின் சீட்ல நான். படகைத் திருப்பறது என் வேலை. முன்னாடி உக்காந்திருக்கறவருக்கு ரெண்டு வேலை. ஒண்ணு, சீராத் துடுப்புப் போடணும். ரெண்டாவது, முன்னாடி என்ன இருக்குன்னு பாத்துப் பாத்துச் சொல்லணும். கல்லு, கட்டை, கிளை, எதுவா இருந்தாலும். எனக்கு உங்க முதுகு மட்டுந்தான் தெரியும். புரியுதா?"

"இதுல என்ன இருக்கு புரியறதுக்கு?" என்றார் அப்பவே சார்.

கவனித்தீர்களா, வாசகரே? மோதுவதற்கு முன்னால் சொல்ல வேண்டிய வேலை. பூமியில் அத்தனை பேர் இருக்க, யாரிடம் போய்ச் சேர்ந்தது பாருங்கள்!

ஏறுவதே ஒரு பெரிய காரியமாக இருந்தது. ஒரு காலை உள்ளே வைத்தால் படகு நகர்ந்தது. நகர்கிறதே என்று காலை எடுத்தால் படகு திரும்பி வந்தது. கடைசியில் மைத்துனன் இரண்டு கையாலும் படகைப் பிடித்துக்கொள்ள, இவர் நாற்காலி இருக்கிறதா என்று பார்க்காமல் உட்காருகிறவர் போலப் பொத்தென்று விழுந்தார். துடுப்பை வாங்கி, கதாநாயகன் மாதிரி இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேராகப் பிடித்தார்.

"தலைகீழாப் பிடிச்சிருக்கீங்க மாமா."

"தெரியும். கனம் எப்படி இருக்குன்னு பாத்தேன்."

புறப்பட்டார்கள். ஆரம்பம் நன்றாகத்தான் இருந்தது. துடுப்பு தண்ணீரில் இறங்கும் சத்தமும் மேலே வரும்போது சொட்டும் சத்தமும் தவிர வேறு சத்தம் இல்லை. இளவெயில். அப்பவே சாருக்கு உடம்பு லேசானது போல் இருந்தது. நாற்பத்தெட்டு வயதில் புதிதாக ஒன்று செய்கிறோம், அதுவும் பரவாயில்லாமல் செய்கிறோம் என்று ஒரு குஷி. அந்தக் குஷியில் படகு போய் மணல்திட்டில் சரக்கென்று ஏறி நின்றது.

"மணல் தெரியலையா மாமா?"

அந்த வார்த்தை அவருக்கு நெஞ்சுக்கூட்டிலிருந்து கிளம்பித் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. முழுங்கினார். கண்ணில் தண்ணீர் வந்தது.

"என்ன மாமா?"

"ஒண்ணுமில்ல. வாயில கொசு."

துடுப்பால் தள்ளி, மறுபடி மிதக்கவிட்டுப் போனார்கள். முதல் வளைவில் ஒரு மரம் தன் கிளையைத் தண்ணீருக்கு மேலே குறுக்காக நீட்டியிருந்தது. அப்பவே சார் அழகாகக் குனிந்தார். கிளை அவர் முதுகுக்கு மேல் ஒரு நூல் இடைவெளியில் போனது. நிமிர்ந்தார். பின்னால் பளார் என்று ஒரு சத்தம்.

திரும்பிப் பார்த்தார். மைத்துனனின் முகத்தில் ஒரு கோடு சிவந்திருந்தது, தலையில் இலை, காதில் ஒரு சிறு குச்சி.

"குனிஞ்சீங்கல்ல?" என்றான் மைத்துனன் மெதுவாக.

"ஆமா."

"அப்ப சொல்லக் கூடாதா?"

"நான் குனிஞ்சா நீயும் குனிவேன்னு நெனச்சேன்."

மைத்துனன் காதிலிருந்த குச்சியை எடுத்துத் தண்ணீரில் போட்டான். கொஞ்சதூரம் போனார்கள். அப்புறம் அவன் துடுப்பை மடிமேல் வைத்துவிட்டான். படகு தானாக மிதந்தது.

"மாமா, உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும். அதுக்குத்தான் கூப்பிட்டேன்."

அப்பவே சார் திரும்ப முயன்றார். லைஃப் ஜாக்கெட் விடவில்லை. ஓடையைப் பார்த்தபடியே, "சொல்லு" என்றார்.

"நான் ஒருத்தரைக் கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கேன். ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுக்கறவங்க. லிஃப்ட் சர்வீஸுக்குப் போறப்ப பழக்கம். என்னைவிட மூணு வயசு மூத்தவங்க. ஏற்கெனவே ஒரு தடவை கல்யாணமாகி, அது சரிப்படாம பிரிஞ்சவங்க. அக்காகிட்ட இன்னும் சொல்லல. முதல்ல உங்ககிட்டதான் சொல்றேன்."

"என்கிட்டயா? ஏன் மாப்ளே?"

"நீங்கதானே அப்பவே நெனக்கறவரு."

ஒரு வாத்து குறுக்கே நீந்திப் போனது. அப்பவே சார் அதையே பார்த்தார்.

"கோவமா சொல்லல மாமா. நல்லா யோசிச்சுட்டுதான் கேக்கறேன். நீங்க என்ன நெனக்கறீங்களோ, அதை இப்பவே சொல்லிடுங்க. சரிப்படாதுன்னா சரிப்படாதுன்னு சொல்லுங்க, கேட்டுக்கறேன். ஆனா நாளைக்கு எங்களுக்குள்ள ஏதாவது ஒண்ணு ஆகி, நான் ஒரு பெட்டியைத் தூக்கிக்கிட்டுப் படியிறங்கி வர்றப்போ, நீங்க மறுமுனையைப் பிடிச்சுக்கிட்டு அதைச் சொல்லக் கூடாது. என்னால இன்னொரு தடவை தாங்க முடியாது."

பின்னாலிருந்து வந்த அந்தக் குரலில் விளையாட்டு இல்லை. அப்பவே சாருக்கு முதுகு கூசியது. சொல்ல வேண்டும், உருப்படியாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று மண்டைக்குள் போய்த் தேடினார். எக்ஸ்ரே எடுக்கும் பெண், மூன்று வயது மூத்தவர், மைத்துனன். என்ன தோன்றுகிறது? ஒன்றும் தோன்றவில்லை. இந்தக் கல்யாணம் எரிந்து சாம்பலாகிக் கிடந்தால் அவர் போய் நின்று, அண்ணாந்து பார்த்து, எந்த வயர் என்று சொல்லிவிடுவார். முழுசாக நிற்கிற ஒன்றை என்ன செய்வது? எந்தப் பக்கத்திலிருந்து பார்ப்பது?

"யோசிச்சுச் சொல்றேனே."

"நீங்க எப்பவும் உடனே நெனப்பீங்களே மாமா. இதுக்கு மட்டும் என்ன யோசனை?"

வேர்த்துக் கொட்டியது அவருக்கு. என்ன செய்வதென்று தெரியாமல் துடுப்பை எடுத்து வேகவேகமாகப் போட ஆரம்பித்தார். பேச்சை மாற்றவும் வேண்டும், தன்னாலும் முன்கூட்டியே சொல்ல முடியும் என்று காட்டவும் வேண்டும். எனவே கண்ணில் பட்டதையெல்லாம் சொல்லத் தொடங்கினார்.

"எதிர்ல கல்லு!"

மைத்துனன் அவசரமாக இடதுபக்கம் திருப்பினான். கல் என்பது ஒரு பிளாஸ்டிக் பை.

"இடது பக்கம் கட்டை!"

வலதுபக்கம் திருப்பினான். கட்டை சிறகை விரித்துப் பறந்து போனது.

"வலது பக்கம் கம்பி! இல்ல, நாணல். கம்பி மாதிரி நாணல். இடது பக்கம் ஆழம்! ஆழமா இருக்கும்னு தோணுது. நேரா ஏதோ கறுப்பா... நம்ம நிழல்தான், போ, போ!"

படகு இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டின் பின் பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மாள், வாயில் வைத்திருந்த கிளிப்பை எடுத்துவிட்டு, "எந்தப் பக்கந்தான் போகப்போறீங்க?" என்று கேட்டார்.

அதே நேரத்தில்தான் அப்பவே சாருக்குச் சொல்வதற்கு ஒன்று தோன்றியது. அது என்ன என்பது இன்றுவரை அவருக்கே ஞாபகமில்லை. பெரிய புத்திமதியாக இருந்திருக்க வேண்டும், ஏனென்றால் ஒரு விரலை உயர்த்திக்கொண்டு, லைஃப் ஜாக்கெட்டோடு போராடி, முழு உடம்பையும் பின்னால் திருப்பி, "மாப்ளே, கல்யாணம்ங்கறது" என்று ஆரம்பித்தார்.

தண்ணீருக்கு அடியில் கிடந்த மரத்தின் மேல் படகு ஏறியது. ஏறி, ஒரு நொடி நின்று, பக்கவாட்டில் நிதானமாகச் சாய்ந்து, இரண்டு பேரையும் ஓடையில் கொட்டியது.

தண்ணீர் இடுப்பளவுதான். ஆனால் மேலே வந்தபோது இரண்டு பேரும் ஆளுக்கொரு சேற்றுப் பொம்மையாக இருந்தார்கள். அப்பவே சாரின் இடது கால் செருப்பு அடியில் சேற்றிலேயே தங்கிவிட்டது.

"மாமா! இவ்வளவு பெரிய மரம்!" என்று மூச்சு வாங்கினான் மைத்துனன். "கண்ணுக்குத் தெரியலையா?"

இப்போது பாருங்கள், வாசகரே, வழக்கம் என்பது எவ்வளவு பொல்லாதது! மனைவி சொன்னதை மறந்துவிட்டார். தொட்டியையும் படிக்கட்டையும் மறந்துவிட்டார். மூக்கிலிருந்து தண்ணீர் வடிய வடிய, கைகள் தாமாகவே இடுப்புக்குப் போக, வாய் தன் பாட்டுக்குச் சொன்னது:

"நான் அப்பவே நெனச்சேன்."

மைத்துனன் முகத்திலிருந்த சேற்றை வழித்து எறிந்தான்.

"நெனச்சீங்களா? அப்ப, தெரியும்? மரம் இருக்குன்னு தெரிஞ்சும் சொல்லாம, என்னைத் தண்ணியில தள்ளி விட்டீங்க?"

"அப்படி இல்ல மாப்ளே."

"வேற எப்படி? கடையும் இப்படித்தானே! ஊத்திக்கும்னு தெரிஞ்சுக்கிட்டே வந்து டீ குடிச்சீங்க, தோளைத் தட்டினீங்க, போனீங்க. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை அன்னிக்கே சொல்லியிருந்தா நான் நின்னு யோசிச்சிருப்பேன். மனுஷன் முழுகறதை நின்னு வேடிக்கை பாக்கறவரா நீங்க? என்ன பாவம் பண்ணேன் உங்களுக்கு?"

அவன் குரல் உடைந்தது. அப்பவே சார் திகைத்துப் போனார். இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தைக்கு இப்படி ஒரு பொருள் இருக்கும் என்று அவர் நினைத்ததே இல்லை. அதைச் சொல்லும்போது அவர் தன்னைக் கெட்டிக்காரராக மட்டுமே கண்டிருந்தார். தெரிந்துகொண்டே கையைக் கட்டிக்கொண்டு நின்றவன் என்றால் அது வேறு ஆள் அல்லவா? அந்த ஆள் அவர் இல்லை. சத்தியமாக இல்லை. அதை எப்படி நிரூபிப்பது?

"தெரிஞ்சாத்தானேய்யா சொல்ல!" என்று கத்தினார்.

நாணலுக்குள்ளிருந்து இரண்டு வாத்துகள் படபடவென்று பறந்தன.

"என்னது?"

"மரம் எனக்குத் தெரியவே இல்ல. உன் பக்கம் திரும்பி இருந்தேன். எனக்கு எப்படித் தெரியும்?"

"அப்ப கடை?"

"அதுவும் தெரியல!"

"அப்ப கடையைத் திறந்தன்னிக்கு என்னதான் நெனச்சீங்க?"

"ஓஹோன்னு ஓடும்னு நெனச்சேன். போதுமா? அந்த லைட்டும், ஆரஞ்சு மீனும், வந்த கூட்டமும்... இவன் இன்னும் நாலு கடை போடுவான், நான் இங்கேயே எவன் வீட்டுச் சாம்பலையாவது அளந்துக்கிட்டுக் கிடப்பேன்னு நெனச்சேன். டீ தொண்டைல இறங்கல. வயித்தெரிச்சல்! அதான் ஒண்ணும் பேசாம வந்துட்டேன்!"

மைத்துனன் அவரையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் உதடு ஒரு பக்கமாகக் கோணியது. அழப்போகிறான் என்று அப்பவே சார் பயந்தார். அவன் சிரித்தான். முதலில் மூக்கால், அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

"என் கடையைப் பாத்தா? வயித்தெரிச்சலா?"

"ஆமாங்கறேன்ல."

"மாமா, அந்தக் கடை ஓடும்னு அக்காகூட நம்பல. 'பாத்துப் பண்ணுடா'ன்னு ஒரு மாதிரியாத்தான் சொன்னா. நானே பாதி நாள் நம்பல. உலகத்துல ஒரே ஒரு ஆள் நம்பியிருக்கீங்க, அதை ஒளிச்சு வெச்சிருக்கீங்களே!"

முகத்தைக் கையால் துடைத்துக்கொண்டான். முகம் முழுக்க ஓடைத் தண்ணீர். எதைத் துடைத்தான் என்று சொல்ல முடியாது.

அப்போது மேலே பால்கனியிலிருந்து குரல் வந்தது.

"அங்க மரம் கிடக்கு. நிறையப் படகு அதுல ஏறிக் கவுந்துடுச்சு. நீங்க ஆடி ஆடி வந்தப்பவே நெனச்சேன், இவங்களும் விழுவாங்கன்னு."

அப்பவே சார் மெதுவாக அண்ணாந்து பார்த்தார். முதல் தடவையாக அந்த வார்த்தை அவர் காதில், ஈரத் துணியோடு, ஒற்றைச் செருப்போடு நிற்கும்போது வந்து விழுந்தது. உச்சந்தலை கொதித்தது.

"ஏம்மா, அப்பவே ஒரு குரல் குடுத்திருக்கக் கூடாதா?"

"சொன்னா யாருங்க கேக்கறாங்க?" என்றார் அந்த அம்மாள், ஒரு பெருமூச்சோடு, அடுத்த துணியை உதறியபடி.

"என்ன ஜனங்களோ!" என்றார் அப்பவே சார் மனம் வெறுத்து. மைத்துனன் நாணலைப் பிடித்துக்கொண்டு சிரித்ததில் மறுபடி விழப் பார்த்தான்.

இதற்குள் படகு தானாக நிமிர்ந்துகொண்டு, யாரும் இல்லாமல், ஓடையின் நட்டநடுவில், கொஞ்சம்கூட வளையாமல் நேராகப் போய்க்கொண்டிருந்தது. இரண்டு பேரும் சேற்றில் காலை இழுத்து இழுத்து அதைத் துரத்திப் பிடித்தார்கள். கரையில் ஏற்றிக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டினார்கள். சட்டையைக் கழற்றிப் பிழிந்தார்கள்.

"சரி, இப்பவாவது சொல்லுங்க மாமா. அந்த விஷயம்."

அப்பவே சார் பிழிந்த சட்டையையே மறுபடி பிழிந்தார். அவருக்கு அந்தச் சொல் பழக்கமில்லை. எடுப்பதற்குச் சிரமமாக இருந்தது.

"தெரியல மாப்ளே. நல்லா வருமா, வராதா, எனக்கு ஒண்ணுமே தெரியல. நீ சொல்றப்போ உன் குரல் நல்லா இருந்துச்சு. அது மட்டும் கேட்டுச்சு."

"அது போதும் மாமா" என்றான் மைத்துனன்.

வீட்டில் மனைவி கதவைத் திறந்தார். தலை முதல் கால் வரை சேறு பூசிய இரண்டு பேரையும் பார்த்தார். அதைவிட, இரண்டு பேரும் சேர்ந்து நிற்பதைப் பார்த்தார். தம்பி எப்படி ஆரம்பிப்பது என்று விழிப்பதற்குள் கணவர் முந்திக்கொண்டார்.

"உன் தம்பி கல்யாணம் பண்ணிக்கப்போறான். எக்ஸ்ரே எடுக்கறவங்க. மூணு வயசு மூத்தவங்க, முன்னாடி ஒரு கல்யாணம் ஆனவங்க. எனக்குச் சம்மதம்."

மனைவி ஒரு கணம் கதவையே பிடித்துக்கொண்டு நின்றார். தம்பியின் காதருகே ஒட்டியிருந்த இலையை எடுத்துப் போட்டார். கண் கலங்கியிருந்தது.

"உள்ள வாங்க. எல்லாத்தையும் முதல்லேர்ந்து சொல்லணும். ரெண்டு பேரும் சோஃபாவுல மட்டும் உக்காராதீங்க."

உட்காருவதற்கு முன்னால் சொன்னார், கவனியுங்கள். இப்படியும் ஓர் இனம் உண்டு.

கல்யாணம் பதிவு அலுவலகத்தில் நடந்தது. சாட்சிக் கையெழுத்து அப்பவே சாருடையது, பேனாவும் அவருடையதுதான். பல வருஷமாகச் சட்டைப் பையில் இருந்த பேனா. மணப்பெண் அதை வாங்கிக் கையெழுத்துப் போடக் குனிந்தார். பேனா ஒரு விக்கல் விக்கி, அவருடைய வெளிர்நிறப் புடவையில் உள்ளங்கை அகலத்துக்கு நீல மையைக் கக்கியது. மணப்பெண் புடவையைப் பார்த்தார். மைத்துனன் மாமாவைப் பார்த்தான். அக்கா கணவரைப் பார்த்தார்.

"நான் அப்பவே நெ..." என்று ஆரம்பித்துவிட்டார் அப்பவே சார்.

பள்ளத்தின் விளிம்பில் பிரேக் போட்ட வண்டி மாதிரி பாதி வார்த்தையில் நின்றார்.

"...னக்கல" என்று முடித்தார்.

மணப்பெண்ணுக்கு இந்த வீட்டுக் கதை எதுவும் அப்போது தெரியாது. "நானும்தான் அண்ணா, நெனக்கவே இல்ல" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். மைத்துனனும் அக்காவும் ஏன் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள் என்பது அவருக்குப் பிற்பாடுதான் விளங்கியது.

ஆக, அப்பவே சார் திருந்திவிட்டாரா? ஓடையில் ஒரு தடவை நனைந்ததற்காக எந்த இனமாவது அழிந்து போயிருக்கிறதா? திங்கட்கிழமை காலை இடிந்த கூரை ஒன்றின் கீழே நின்று, "இந்தத் தூணைப் பாத்தாலே தெரியுமே" என்று அவர் சொன்னது நம் காதுக்கு வந்தது. ஆனால் மைத்துனன் வீட்டு விஷயத்தில் மட்டும் இன்றுவரை "தெரியல" என்ற சொல்லைத்தான் வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் முன் சீட்டில் உட்கார்ந்து, பிளாஸ்டிக் பைக்கும் நிழலுக்கும் அஞ்சாமல் குரல் கொடுத்தபடி போகிறாராம். பாதிக்கு மேல் தப்பாகத்தான் சொல்கிறாராம்.

போகட்டும், அவர் கதை அவ்வளவுதான். இப்போது உங்களை ஒன்று கேட்க வேண்டும். படகு கவிழும் என்பது உங்களுக்கு எப்போது தெரிந்தது? அவர் துடுப்பைத் தலைகீழாகப் பிடித்தபோதா? முன் சீட்டில் அவரை உட்காரவைத்தபோதே தெரிந்துவிட்டது என்கிறீர்களா? அதற்கும் முன்னால், தலைப்பைப் பார்த்ததுமே நினைத்துவிட்டீர்களா?

நல்லது. இரண்டு பேரும் கரையில் நின்றுகொண்டிருந்தபோதே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!